ஓரக்கல்

பதினைந்து சென்டிமீட்டர்.
ஒரு சாண்கூட இல்லை.
பைசாந்து நகரத்துத் திடலில்
உள்வளைவின் ஓரக்கல்லை எவனோ
அவ்வளவு உள்ளே தள்ளிப் பதித்துவிட்டான்
பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்.

அளந்தவன் நான்.
எஃகு நாடா, வெப்பமானி, ஒரு குடுவை மாத்தே தேநீர்.
இரண்டு முறை அளந்தேன், விதிப்படி.
மூன்றாவது முறை
எண் மாறிவிடாதா என்று.
சுற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர்
குறைந்தது குறைந்ததுதான்.

நில்டா எட்செகரை அப்போது
தேசியத் தடகளச் சம்மேளனத்தின் தலைவர்.
பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்:
மொன்டேவிடியோவில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடி,
இரண்டு அறை, ஒழுகும் கூரை.
ரப்பர் முத்திரை அவள் கைப்பையில்
சீப்போடு கிடக்கும்.
கீழே எவருக்கோ பல்லைக் குடைய
மேலே வரவுசெலவு வாசிப்பார்கள்.

ஓட்டத்தை நிறுத்திய மறுவாரமே
முடிவுத்தாள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தவள்.
பிறகு பொருளாளர். பிறகு செயலாளர்.
பிறகு வேறு யாரும் முன்வராததால் இது.
எறிபவன் இருந்தும் ஈட்டி இல்லாத ஒரு வருடம்
இறைச்சி ஆலை முதலாளியின் வாசலில்
நான்கு மணி நேரம் நின்று
ஈட்டியோடு பேருந்தில் திரும்பியவள்.
நடத்துனர் அதற்கும் அரைச்சீட்டுக் கேட்டாராம்,
கொடுத்தாளாம்.

அறிக்கையை நீட்டினேன்.
படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தாள்.
"அந்தத் திடலில் எத்தனை சாதனை?"
பதினொன்று என்றேன்.
ஒன்று அவளுடையது.
எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும்,
அவள் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்த,
மார்பில் நாடா மோதும்
அந்த ஒல்லிப் பெண்ணுக்குத்தான் தெரியாது.
ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்.
பழைய சாதனையை முறியடித்தது
நொடியின் பத்தில் நான்கு பங்கால்.
ஓடாமல் விட்டது
மூன்றரை மீட்டர்.
கணக்கை நான் சொல்லவில்லை.
பென்சிலை அவளே எடுத்தாள்.

தேர்தலுக்கு மூன்று வாரம்.
"இழுப்பறையில் கிடக்கட்டும், நில்டா,
வாக்கெடுப்பு முடியட்டும்" என்றார் பெர்ருத்தி.
நல்ல மனிதர்.
யோசனையும் அப்படியொன்றும் கெட்டதில்லை.
"அந்த இழுப்பறைக்குப் பூட்டு கெட்டுப் போய்
ரொம்ப நாளாச்சு" என்றாள்.

பத்துப் பேரையும் அவளே தொலைபேசியில் அழைத்தாள்.
ஒருத்தி சிரித்தாள்.
ஒருவர் என் தாயை இழுத்துத் திட்டினார்,
அளந்தவன் பெயர் கேட்டு வாங்கிக்கொண்டு.
ஏழாவது எண்ணில் மகன் எடுத்தான்:
"அப்பா கல்லறையில்
அந்த நேரத்தைச் செதுக்கியிருக்கிறோமே?"
இவள் பக்கத்தில் வெகுநேரம் பேச்சில்லை.
கீழே துளைக்கருவி ஓடி நின்றது.
"கல்லுக்கு எங்கள் விதி கிடையாது" என்றாள் கடைசியில்.
"அது இருக்கட்டும்."

நான்கு வாக்கில் தோற்றாள்.
பைசாந்து கழகம் கையைக்கூடத் தூக்கவில்லை.

பதவியின் கடைசி வெள்ளிக்கிழமை
ஒரு சான்றிதழைத் தானே தட்டச்சு செய்தாள்;
இருமுறை பிழையாகி, மூன்றாவது தாளில் சரியாக வந்தது.
ஓல்கா சிந்தாஸ், துராஸ்னோ.
இவள் அழித்த பெயர்
இப்போது தானாக மேலே வந்துவிட்டது.
"சாட்சிக்கு நீயும் வா" என்றாள் என்னிடம்.

கையெல்லாம் மாவோடு கதவைத் திறந்தாள் அந்த அம்மாள்.
முழுக்கக் கேட்டாள்,
ஓரக்கல், வளைவு, சாண் கணக்கு எல்லாம்.
"இதுக்குப் பணம் ஏதாவது உண்டா?"
இல்லை என்றாள் நில்டா.
"அப்ப உள்ளே வாங்க. அடுப்பில் ரொட்டி இருக்கு."
சான்றிதழ் ஜன்னலோரம்
ஈஸ்ட் டப்பாவுக்கு அடியில் போனது.
இருவரும் முழங்கால் வலியைப் பற்றி
ஒரு மணி நேரம் பேசினார்கள்.

திரும்பும் பேருந்தில் இருட்டிவிட்டது.
வெளியே மாடுகளும் வேலிக்கம்பங்களும்.
"கடைசி வளைவில்
எனக்கு இன்னும் மூச்சு மிச்சமிருந்தது" என்றாள்,
கண்ணாடியைப் பார்த்து.
"இன்னும் மூன்றரை என்ன, பத்து மீட்டர் இருந்திருந்தாலும்..."
முடிக்கவில்லை.
யாரிடமும் சொல்லாதே என்றாள்.

சொல்லிவிட்டேன்.